வழக்கறிஞர் கட்டணமும் முதல் ஆலோசனையும்: வக்காலத்தில் கையெழுத்திடும் முன் கட்சிக்காரர் அறிய வேண்டியவை

வழக்கறிஞரின் சேவையில் குறைபாடு இருப்பதாகக் கூறி நுகர்வோர் ஆணையத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று தீர்ப்பளித்தது. தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2007-இல் எடுத்த நேர்மாறான முடிவு இதன் மூலம் ரத்தானது. வழக்கறிஞர் தொழிலின் சுதந்திரத்தைக் காக்கும் தீர்ப்பாக இது பெரும்பாலும் பேசப்பட்டது. ஆனால், வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் நீதிமன்றப் படியேறும் சாதாரணக் குடிமகனுக்கு இத்தீர்ப்பின் நடைமுறை விளைவு வேறு. கட்டணத் தகராறில் பிறகு முறையிட இருந்த எளிய வழி ஒன்று அடைபட்டுள்ளது. எனவே, வழக்கறிஞரைச் சந்திக்கும் முதல் நாளில் பேசி எழுதிக்கொள்ளும் விவரங்களின் மதிப்பு கூடியிருக்கிறது.

அந்த வழக்கு தொடங்கிய விதமே இதற்குச் சான்று. 20,000 ரூபாய்க்கான காசோலை பணமின்றித் திரும்பியதால், ஒருவர் வழக்கறிஞரை அமர்த்திப் புகார் தொடுத்தார். எதிர்த்தரப்பு பணத்தைக் கொடுக்க முன்வந்தது. ஆனால், அந்தத் தொகையைக் கட்சிக்காரரிடம் ஒப்படைக்காமல், கட்டணமாக 5,000 ரூபாய் ரொக்கம் கேட்டார் வழக்கறிஞர் என்பது குற்றச்சாட்டு. கட்டணம் எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தால் எழுந்திராத இச்சிக்கல், மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் ஆகியவற்றைக் கடந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

தீர்ப்பின் அடிப்படை

நீதிபதிகள் பேலா எம். திரிவேதி, பங்கஜ் மித்தல் ஆகியோர் அடங்கிய அமர்வு தனது முடிவுக்குக் கூறிய காரணங்களில் ஒன்று கவனத்துக்குரியது. வழக்கறிஞரின் பணியைக் கட்சிக்காரர் பெருமளவு நேரடியாகக் கட்டுப்படுத்துகிறார். அவரது வெளிப்படையான அறிவுறுத்தல் இல்லாமல் வழக்கறிஞர் எதையும் விட்டுக்கொடுக்க இயலாது. ஆகவே இது தனிப்பட்ட பணி ஒப்பந்தம், நுகர்வோர் சட்டம் குறிப்பிடும் சேவை அல்ல என்று அமர்வு கூறியது.

சட்டத்தின் பார்வையில் கட்டுப்பாடு கட்சிக்காரரின் கையில் உள்ளது. நடைமுறையில் அவருக்குச் சட்டப் பிரிவுகள் தெரியாது, நீதிமன்ற நடைமுறை தெரியாது, இந்த வழக்குக்கு எவ்வளவு கட்டணம் நியாயமானது என்பதும் தெரியாது. வக்காலத்தில் கையெழுத்திட்ட பிறகு வழக்கின் போக்கு முழுவதும் வழக்கறிஞர் வழியாகவே அவருக்குத் தெரியவருகிறது. சட்டம் அவருக்கு இருப்பதாகச் சொல்லும் அந்தக் கட்டுப்பாட்டை அவர் உண்மையில் செலுத்தக்கூடிய தருணம், கையெழுத்திடுவதற்கு முந்தைய முதல் ஆலோசனையே.

கட்டணத்தை நிர்ணயிப்பது யார்?

இந்தியாவில் தனியார் வழக்குகளுக்கு வழக்கறிஞர் இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு வைக்கும் பொதுச் சட்டம் இல்லை. கட்டணத்தையும் பணி நிபந்தனைகளையும் வழக்கறிஞரும் கட்சிக்காரரும் தனிப்பட்ட ஒப்பந்தத்தின் மூலம் முடிவு செய்துகொள்ளலாம் என்பதை 1926-ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் கட்டணச் சட்டமே ஏற்றுக்கொண்டது. தமக்குரிய கட்டணத்துக்காக வழக்குத் தொடரும் உரிமையையும் அது வழக்கறிஞருக்கு அளித்தது.

உயர் நீதிமன்றங்கள் வகுத்துள்ள வழக்கறிஞர் கட்டண விதிகளைப் பலர் இந்த உச்சவரம்பு என்று தவறாகப் புரிந்துகொள்கின்றனர். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்கீழ் வகுக்கப்படும் இவ்விதிகள், வழக்கில் தோற்றவர் வென்றவருக்குச் செலவுத்தொகையாக எவ்வளவு வழக்கறிஞர் கட்டணம் தர வேண்டும் என்பதையே கணக்கிடுகின்றன. கட்சிக்காரர் தமது வழக்கறிஞருக்கு உண்மையில் செலுத்தும் தொகைக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இருக்கக்கூடும். ‘வழக்கில் வென்றால் செலவு முழுவதும் எதிர்த்தரப்பிடமிருந்து கிடைத்துவிடும்’ என்ற நம்பிக்கையில் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்வது ஆபத்தானது. செலவுத்தொகை உண்மைச் செலவை ஒட்டியதாக இருக்க வேண்டும் என்று சேலம் வழக்கறிஞர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய பின்னரும், செலவிட்ட தொகை முழுமையாகத் திரும்பக் கிடைப்பது அரிது.

சதவீதக் கட்டணத்துக்குத் தடை

கட்டணத்தின் அளவில் தலையிடாத சட்டம், அதன் வடிவத்தில் ஓர் எல்லையை வகுத்திருக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் தொழில் நடத்தை விதிகளில் 20-ஆவது விதி தடை செய்கிறது. அமெரிக்காவில் இழப்பீட்டு வழக்குகளில் பரவலாக உள்ள ‘வென்றால் மட்டுமே கட்டணம்’ என்ற முறைக்கு இந்தியாவில் இடமில்லை.

இருந்தும் மோட்டார் வாகன விபத்து இழப்பீடு, நிலம் கையகப்படுத்தல் போன்ற வழக்குகளில் ‘கிடைப்பதில் இத்தனை சதவீதம்’ என்ற பேச்சு வழக்கொழியவில்லை. இப்படியொரு தகராறு 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. விபத்தில் கணவரை இழந்த தெலங்கானாவைச் சேர்ந்த பெண் ஒருவர், இழப்பீட்டு வழக்கில் 10 லட்சம் ரூபாய் கட்டணம் செலுத்திய பிறகும், மேலும் 10 லட்சம் ரூபாய்க்கான காசோலையில் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கப்பட்டதாகக் கூறினார். அந்தக் காசோலை பணமின்றித் திரும்பியதும் வழக்கறிஞர் அவர் மீதே காசோலை மோசடி வழக்குத் தொடுத்தார்.

நீதிபதிகள் ஆதர்ஷ் குமார் கோயல், யு.யு. லலித் ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த வழக்கை ரத்து செய்தது. தீர்ப்புத் தொகையில் சதவீதம் கேட்பது பொது நலக் கொள்கைக்கும் தொழில் அறத்துக்கும் எதிரானது என்று கூறியது. அத்துடன் நிற்காமல், வழக்கறிஞர் கட்டணத்தை நெறிப்படுத்த உரிய சட்ட ஏற்பாடு தேவை என்பதையும் சுட்டிக்காட்டியது. இதே கவலையைச் சட்ட ஆணையம் 1988-இல் அளித்த 131-ஆவது அறிக்கையிலும் காணலாம்.

ஆகவே, சதவீத அடிப்படையில் கட்டணம் கேட்கப்பட்டால் அதை மறுக்கக் கட்சிக்காரருக்கு முழு உரிமை உண்டு. தொகை நிரப்பாத காசோலை, வெற்று முத்திரைத்தாள், எழுதப்படாத வெள்ளைத்தாள் ஆகியவற்றில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்திடக் கூடாது.

கட்டணம் வேறு, செலவு வேறு

தகராறுகள் பலவற்றின் வேர், கட்டணத்தையும் செலவையும் பிரிக்காமல் ஒரே தொகையாகப் பேசுவதில் இருக்கிறது. வழக்கறிஞரின் உழைப்புக்குத் தரப்படுவது கட்டணம். நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணை அனுப்பும் செலவு, வக்காலத்தில் ஒட்டும் நல நிதி முத்திரை, தட்டச்சு, நகல், குமாஸ்தா கட்டணம், பயணச் செலவு ஆகியவை செலவுக் கணக்கில் வருபவை. கட்சிக்காரரின் பணத்துக்கு வழக்கறிஞர் கணக்கு வைத்திருக்க வேண்டும். பெற்ற தொகை கட்டணத்துக்கா செலவுக்கா என்பதை அதில் குறிக்க வேண்டும். கேட்டால் கணக்கின் நகலைத் தர வேண்டும் என்று பார் கவுன்சில் விதிகள் கூறுகின்றன. கணக்கு கேட்பது நம்பிக்கையின்மையின் அடையாளம் அல்ல. விதி அனுமதித்துள்ள உரிமை.

கட்டணம் பேசப்படும் முறைகளும் பல. முழு வழக்குக்கும் ஒரே தொகை என்பது ஒன்று. வழக்கு எவ்வளவு நீண்டாலும் தொகை மாறாது என்பது இதன் நன்மை. முழுத் தொகையும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிட்டால் வழக்கில் வேகம் குறையலாம் என்பது இதன் குறை. அமர்வுக்கு இவ்வளவு என்பது இரண்டாவது முறை. தொடக்கத்தில் இது சிறிய தொகையாகத் தோன்றும். எடுத்துக்காட்டாக, ஓர் அமர்வுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 வாய்தாக்களைக் காணும் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் அது 80,000 ரூபாய் ஆகிவிடும். நீதிபதி விடுப்பில் இருந்ததால் விசாரணையே நடக்காத நாளுக்கும் கட்டணம் உண்டா என்பதை முன்னரே பேசாவிட்டால், பின்னர் அதுவே மனக்கசப்பாக மாறும்.

மனு தாக்கல், சாட்சி விசாரணை, இறுதி வாதம் எனக் கட்டம் கட்டமாகச் செலுத்துவது மூன்றாவது முறை. வேலை முடிய முடியப் பணம் என்பதால் இரு தரப்புக்கும் இது ஓரளவு பாதுகாப்பானது. எந்த முறையாக இருந்தாலும், பேசிய தொகை விசாரணை நீதிமன்றத்துக்கு மட்டுமா, இடைக்கால மனுக்களும் அதில் அடங்குமா, மேல்முறையீட்டுக்குத் தனிக் கட்டணமா, தீர்ப்பை நிறைவேற்றும் மனுவுக்கு எவ்வளவு ஆகிய கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தில் கட்டணம் இன்னும் சில அடுக்குகளைக் கொண்டது. அங்கு வழக்கைத் தாக்கல் செய்யத் தகுதி பெற்றவர் ‘அட்வகேட் ஆன் ரெக்கார்டு’ எனப்படும் பதிவு பெற்ற வழக்கறிஞர் மட்டுமே. மூத்த வழக்கறிஞராக நியமிக்கப்பட்டவர் வக்காலத்து தாக்கல் செய்யவோ, கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கைப் பெறவோ முடியாது. வேறொரு வழக்கறிஞர் வழியாகவே வாதாட வருவார். எனவே, சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ டெல்லிக்கு மேல்முறையீடு செய்பவர், உள்ளூர் வழக்கறிஞர், பதிவு பெற்ற வழக்கறிஞர், மூத்த வழக்கறிஞர் என மூவருக்கான கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஜிஎஸ்டி குறித்தும் தெளிவு தேவை. வணிக நிறுவனம் அல்லாத ஒரு தனிநபருக்கு வழக்கறிஞரோ வழக்கறிஞர்களின் கூட்டு நிறுவனமோ அளிக்கும் சட்டச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உள்ளது. குடும்ப வழக்கு, சொத்துத் தகராறு போன்றவற்றுக்காக வரும் தனிநபரிடம் கட்டணத்துடன் ஜிஎஸ்டியும் சேர்த்துக் கேட்கப்பட்டால் விளக்கம் கேட்கலாம்.

முதல் ஆலோசனைக்குத் தயாராவது எப்படி?

முதல் ஆலோசனைக்குக் கட்டணம் உண்டா என்பதைச் சந்திப்புக்கு நேரம் கேட்கும்போதே தெரிந்துகொள்ளலாம். சிலர் ஆலோசனைக்குத் தனியாக வாங்குகின்றனர். சிலர் வழக்கை எடுத்துக்கொண்டால் அத்தொகையை மொத்தக் கட்டணத்தில் கழித்துக்கொள்கின்றனர். இரண்டும் முறையானவையே. ஆலோசனைக்குப் பணம் கொடுத்ததால் அதே வழக்கறிஞரிடம் வழக்கை ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

சந்திப்பின் நேரம் சிறிது. நடந்தவற்றைத் தேதி வரிசையில் ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துச் சென்றால் அந்த நேரம் முழுவதும் பயன்படும். பத்திரங்கள், அறிவிப்புகள், வங்கிக் கணக்குத் தாள்கள், முன்பு நடந்த வழக்குகளின் உத்தரவுகள் ஆகியவற்றின் நகல்களை மட்டும் முதலில் கொடுப்பது நல்லது. மூல ஆவணங்களை ஒப்படைக்க நேர்ந்தால், பட்டியலிட்டு ஒப்புகை பெற வேண்டும்.

தாமதம் வழக்கையே முடித்துவிடக்கூடும். காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். உரிமையியல் வழக்கில் அழைப்பாணை பெற்றவர் 30 நாள்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் அது 90 நாள்கள் வரை நீளலாம். ஆகவே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதற்குக் கடைசி நாள் எது?’ என்பதே.

அடுத்து, இதுபோன்ற வழக்குகளில் அவருக்குள்ள அனுபவம், வழக்கின் பலவீனம், சமரசத்துக்கான வாய்ப்பு, நீதிமன்றத்தில் நேரில் நிற்கப்போவது அவரா அவரது இளம் வழக்கறிஞரா, எதிர்த்தரப்புடன் அவருக்கு ஏதேனும் தொடர்பு உண்டா ஆகியவற்றைக் கேட்கலாம். எதிர்த்தரப்பினருடன் தமக்குள்ள தொடர்பை வழக்கறிஞர் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது தொழில் நடத்தை விதி. ‘நிச்சயம் ஜெயிக்கலாம்’ என்று முதல் சந்திப்பிலேயே உறுதி தருபவரை விட, வழக்கின் பலவீனத்தை எடுத்துச் சொல்பவர் கட்சிக்காரருக்கு அதிகம் பயன்படுவார்.

உண்மையை மறைக்காமல் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. வழக்கறிஞர் என்ற முறையில் ஆற்றும் பணிக்காகக் கட்சிக்காரர் தெரிவித்தவற்றை, அவரது சம்மதம் இன்றி வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆவது பிரிவு கூறுகிறது. கட்சிக்காரரைப் பற்றிய விவரங்களைக் கேட்டு விசாரணை அமைப்புகள் வழக்கறிஞர்களுக்கு அழைப்பாணை அனுப்பிய விவகாரத்தைத் தாமாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றம், 2025 அக்டோபரில் இந்தப் பாதுகாப்பை மீண்டும் உறுதி செய்தது. சட்டவிரோதச் செயலைச் செய்வதற்காகக் கேட்கப்படும் உதவிக்கு மட்டும் இப்பாதுகாப்பு பொருந்தாது.

தரகர்களும் விளம்பரங்களும்

நீதிமன்ற வளாகம், காவல் நிலையம், மருத்துவமனை ஆகியவற்றில் வலிய வந்து வழக்கறிஞரை அறிமுகம் செய்யும் தரகர்கள் மற்றொரு சிக்கல். 2024 செப்டம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ள வழக்கறிஞர்கள் சட்டத் திருத்தம், இத்தகைய தரகு வேலைக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. தரகருக்குப் போகும் பங்கு கடைசியில் கட்சிக்காரரின் கட்டணத்தில்தான் ஏறுகிறது.

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவும் தடை உள்ளது. பெயர், பதிவு எண், தகுதி, பணிபுரியும் சட்டத் துறை போன்ற அடிப்படை விவரங்களை மட்டும் இணையத்தில் வெளியிடலாம். ஆன்லைன் தளங்கள் வழக்கறிஞர்களைத் தரவரிசைப்படுத்தி, விலையிட்டு வழங்குவதைக் கடிந்துகொண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2024 ஜூலையில் இதன் மீது நடவடிக்கை எடுக்குமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. தொழிலின் மாண்பைக் காக்கும் இத்தடையின் மறுபக்கம், கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்கக் கட்சிக்காரருக்கு வெளிப்படையான வழி இல்லாமல் போவது. முடிந்தால் இரண்டு வழக்கறிஞர்களிடம் ஆலோசனை பெறுவதே இதற்கு மாற்று.

வக்காலத்தில் என்ன எழுதியிருக்கிறது?

வக்காலத்து என்பது வெறும் சடங்குத் தாள் அல்ல. கட்சிக்காரர் சார்பில் மனு தாக்கல் செய்யவும், வழக்கைத் திரும்பப் பெறவும், சமரசம் செய்யவும், நீதிமன்றத்திலிருந்து பணம் பெறவும் அதிகாரம் தரும் வாசகங்கள் அச்சிட்ட படிவங்களிலேயே இருக்கக்கூடும். வெளிப்படையான அறிவுறுத்தல் இன்றி வழக்கறிஞர் விட்டுக்கொடுப்புகளைச் செய்ய முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனினும் கையெழுத்துக்கு முன் படித்து, வேண்டாத அதிகாரத்தை நீக்கச் சொல்வது எளிது. பின்னர் வழக்காடி மீட்பது கடினம்.

வழக்கு தாக்கலானதும் அதற்குரிய 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் பெற்றுக்கொண்டால், இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் செயலியிலும் அடுத்த வாய்தா, பிறப்பிக்கப்பட்ட உத்தரவு ஆகியவற்றைக் கட்சிக்காரரே பார்க்கலாம். அமர்வுக்குக் கட்டணம் செலுத்துவோருக்கு இது கணக்கைச் சரிபார்க்கவும் உதவும்.

உறவு முறிந்தால் என்ன வழி?

வழக்கறிஞரை மாற்றக் கட்சிக்காரருக்கு உரிமை உண்டு. கட்டண பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டைத் தர மறுக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை. கூட்டுறவு வங்கி ஒன்றின் வழக்குக் கட்டுகளை நிறுத்தி வைத்த வழக்கறிஞர் தொடர்பான வழக்கில், 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. பாக்கியை வசூலிக்க அவர் தனியாக வழக்குத் தொடரலாம். கட்டைப் பிணையாக வைத்துக்கொள்ளக் கூடாது. அதேபோல், எடுத்துக்கொண்ட வழக்கிலிருந்து வழக்கறிஞர் தாமாக விலகினால், தகுந்த காரணமும் முன்னறிவிப்பும் இருக்க வேண்டும். செய்யாத பணிக்குப் பெற்ற கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

தொழில் ஒழுங்கீனம் குறித்து மாநில பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ் புகார் அளிக்கலாம். கண்டனம், தற்காலிகத் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் ஆகியவை அங்கு விதிக்கப்படும் தண்டனைகள். ஓராண்டுக்குள் முடிவு காணாவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். ஆனால் இது ஒழுங்கு நடவடிக்கைக்கான அமைப்பு. இழந்த பணத்துக்கு இழப்பீடு பெற உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும். அங்கு முதலில் கேட்கப்படுவது எழுத்து ஆதாரமாகத்தான் இருக்கும்.

பணம் இல்லாதவர்களுக்கு

கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கு 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமையை அளிக்கிறது. இது ஏழைகளுக்கு மட்டுமானது என்ற எண்ணம் தவறு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் உள்ளவர்கள், பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் வருமான வரம்பின்றி இதற்குத் தகுதியுடையவர்கள். மற்றவர்களுக்கு மாநிலங்கள் நிர்ணயித்த வருமான வரம்பு பொருந்தும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தையோ, 15100 என்ற உதவி எண்ணையோ அணுகலாம். நிலுவையிலுள்ள வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால், செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

எஞ்சியிருக்கும் இடைவெளி

நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடிய தீர்ப்பு, வழக்கறிஞர்கள் பொறுப்பிலிருந்து விடுபட்டவர்கள் என்று கூறவில்லை. ஆயினும் சிறு தொகைக்கான கட்டணத் தகராறை விரைவாகவும் குறைந்த செலவிலும் தீர்க்கும் தனி அமைப்பு எதுவும் அந்த இடத்தை நிரப்பவில்லை. கட்டணத்தை நெறிப்படுத்துவது பற்றி 2017-இல் உச்ச நீதிமன்றம் தெரிவித்த கருத்து முழுமையான சட்டமாக மாறவில்லை. வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருத்த 2025 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு மசோதா, நாடு முழுவதும் வழக்கறிஞர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது.

கட்டண உச்சவரம்பு என்பது விவாதத்துக்குரியது. வழக்கின் கடினம், வழக்கறிஞரின் அனுபவம் ஆகியவற்றை ஒரே அளவுகோலால் அளக்க இயலாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்துப்பூர்வக் கட்டண ஒப்பந்தம், ஒவ்வொரு தொகைக்கும் ரசீது என்ற குறைந்தபட்ச விதியைக் கட்டாயமாக்க அந்த வாதம் தடையல்ல. அது, கட்டணம் பெறாமலே ஏமாற்றப்படும் இளம் வழக்கறிஞர்களுக்கும் பாதுகாப்பாக அமையும். அத்தகைய விதி வரும்வரை, பணியின் எல்லை, மொத்தக் கட்டணம், செலுத்தும் கட்டங்கள், தனிச் செலவுகள், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் ஆகிய ஐந்து விவரங்களை ஒரே பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவதும், பணத்தை வங்கி வழியாகச் செலுத்துவதும் கட்சிக்காரரின் பொறுப்பாகவே இருக்கும்.